எல்லோரும் ஒரே சமயத்தில் பேசுவதில்லை

ஓர் ஊரில் ஆயிரம் வீடுகளுக்கு, வீடொன்றுக்கு விநாடிக்கு 100 மெகாபிட் வீதம் இணையத் தொடர்பு தருவதாக ஒப்புக்கொண்டு மாதச் சந்தா வாங்குகிற ஒரு நிறுவனம், அந்த ஆயிரம் வீடுகளின் போக்குவரத்தையும் ஊருக்கு வெளியே எடுத்துச் செல்லும் பாதையை விநாடிக்கு ஒரு லட்சம் மெகாபிட் தாங்கும்படி அமைத்திருக்கும் என்று பெருக்கல் வாய்பாடு தெரிந்த ஒருவர் அனுமானித்தால், அவருடைய கணக்கில் பிழை காண முடியாது. ஆனால் அப்படி யாரும் அமைப்பதில்லை. பாதையின் கொள்ளளவு இருபதினாயிரம் மெகாபிட்டாக இருக்கலாம், பதினாயிரமாகவும் இருக்கலாம். விற்றது ஒரு லட்சம். கையில் வைத்திருப்பது அதில் ஐந்தில் ஒரு பங்கு, அல்லது பத்தில் ஒரு பங்கு. இதை மோசடி என்று சொல்லிவிடுவது எளிது, ஆனால் நியாயமன்று. தொலைபேசி பரவிய காலந்தொட்டு உலகத்தின் தொலைத்தொடர்பு முழுவதும் இந்த ஒரு துணிவின்மேலேயே நடந்து வருகிறது. அந்தத் துணிவுக்கு ஆதாரமாக நூறாண்டுக்கு மேற்பட்ட கணித சாஸ்திரமும் உண்டு. ஆயினும் அந்தக் கணிதம் சில நிபந்தனைகளை நம்பி எழுந்தது என்பதும், அந்நிபந்தனைகளிற் பல இப்போது தளர்ந்துவிட்டன என்பதும், தளர்ச்சியின் பலனை அனுபவிக்கிறவர் சந்தாதாரரே என்பதும் பொதுமக்கள் அதிகம் அறியாத விஷயங்கள். அவற்றை ஆராயப் புகுவோர் வலையமைப்பின் விளிம்பில் இருக்கும் சுவிட்சிலிருந்து தொடங்குவது உசிதம்.

விளிம்பு என்று நான் இங்கே சொல்வது, சந்தாதாரர் வீட்டிலிருந்து புறப்பட்ட கம்பியோ கண்ணாடி இழையோ, அல்லது அவர் கையிலுள்ள செல்பேசியின் அலைகளை வாங்கிக்கொண்ட கோபுரத்தின் இணைப்போ, நிறுவனத்தின் சாதனத்தை முதன்முதலாக வந்து தொடுகிற இடத்தை. தெருமுனையில் நிற்கும் இரும்புப் பெட்டிக்குள்ளும், அடுக்குமாடிக் கட்டடத்தின் மின்மீட்டர் அறையிலும், பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒழிந்துபோன கூடத்திலும் அது இருக்கும். அதன் ஒரு பக்கத்தில் சிறிய போர்ட்டுகள் பல. மறுபக்கத்தில் அப்லிங்க் என்று தொழிலாளர் சொல்லும் பெரிய வழி ஒன்று, மிஞ்சினால் இரண்டு. பலவற்றை வாங்கி ஒன்றில் சேர்ப்பதும், ஒன்றில் வந்ததைப் பிரித்துப் பலவற்றுக்குக் கொடுப்பதுமே அதன் வேலை. இவ்வளவு சாதாரணமாகத் தோன்றும் இந்த வேலைக்குள்ளேதான், யார் உடனே போகலாம், யார் காத்திருக்க வேண்டும், யாருடைய செய்தி கைவிடப்படலாம் என்ற தீர்ப்புகள் விநாடிக்கு லட்சக்கணக்கில் எழுதப்படுகின்றன.

தீர்ப்பு எழுதும் முறைக்கு முதன்முதலில் கணிதம் வகுத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஆக்னர் கிராருப் எர்லாங். 1878-இல் பிறந்து, பள்ளி ஆசிரியராக இருந்து, கணிதத்தில் தீராத ஈடுபாடு கொண்டிருந்த அவரை, அந்நாட்டுக் கணித அறிஞரும் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியின் இஞ்சினியருமான யோகான் யென்சன் கம்பெனிக்கு அறிமுகப்படுத்தி வைத்தார்; 1908-இல் எர்லாங் அங்கே வேலைக்கு அமர்ந்தார். காகிதத்தோடு நின்றுவிடுகிற கணிதர் அல்லர் அவர். ஏணி சுமக்கும் பணியாள் ஒருவனை உடன் அழைத்துக்கொண்டு, கோபன்ஹேகன் வீதிகளின் அடியில் கேபிள் போகும் குழிகளுக்குள் தாமே இறங்கி அளவுகள் எடுத்தார். ஆயிரம் பேர் தம்மிச்சையாக, ஒருவரை ஒருவர் கேளாமல், நினைத்த நேரத்தில் போன் எடுக்கிறார்கள். அவர்களுடைய சேர்க்கையில் ஒரு கிரமம் உண்டா என்பது அவருடைய கேள்வி. உண்டு என்று 1909-இல் எழுதிய கட்டுரையில் காட்டினார்: தனிமனிதன் எப்போது பேசுவான் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆயினும் திரளாகச் சேர்ந்த அழைப்புகள், பிரெஞ்சுக் கணிதர் புவாசோன் கண்ட நிகழ்தகவு விதிக்கு அடங்கி வருகின்றன. 1917-இல் அவர் வெளியிட்ட சூத்திரம், இத்தனை வழிகள் இருந்தால் இத்தனை அழைப்புக்கு ஓர் அழைப்பு வழி கிடைக்காமல் திரும்பும் என்பதைக் கணக்கிட்டுக் கொடுத்தது. பிரிட்டிஷ் தபால் இலாகா உட்படப் பல நிர்வாகங்கள் அதை மேற்கொண்டன. 1929-இல் அவர் காலமான பிறகு, 1946-இல் டெலிபோனுக்கான சர்வதேச ஆலோசனைக் குழு, டெலிபோன் போக்குவரத்தின் அளவுக்கே எர்லாங் என்று பெயரிட்டது: ஒரு வழி ஒரு மணி நேரம் இடைவிடாமல் பயன்பட்டால் அது ஓர் எர்லாங்.

கல்யாணத்துக்கு ஆயிரம் பேரை அழைத்தவர் ஆயிரம் இலை போடும் கூடம் கட்டுவதில்லை. இருநூறு இலைக்குப் பந்தி வைத்து ஐந்து முறை பரிமாறுகிறார். இது எல்லோருக்கும் தெரிந்த யுக்தி. எர்லாங் சொன்னது இதனினும் சூக்ஷ்மமான ஒன்று. நூற்றுக்கு ஓர் அழைப்புக்கு மேல் திரும்பக் கூடாது என்று வைத்துக்கொண்டால், பத்து வழிகள் உள்ள ஒரு தொகுதி தாங்குவது ஏறக்குறைய 4.46 எர்லாங். அப்படிப் பத்துத் தொகுதிகளைத் தனித்தனியே வைத்தால், நூறு வழிகளும் சேர்ந்து சுமப்பது 44.6 எர்லாங். அதே நூறு வழிகளைப் பிரிக்காமல் ஒரே தொகுதியாக்கி, வருகிறவர் யாராயினும் ஒழிந்த வழி எதுவோ அதிலே போகலாம் என்று விட்டுவிட்டால், அவை சுமப்பது 84.1 எர்லாங். கம்பி ஒன்றுகூடக் கூடவில்லை, சாதனமும் கூடவில்லை, சேர்த்த காரணத்தாலேயே சுமை ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. ஒருவன் மௌனமாயிருக்கும் நேரம் மற்றொருவனுக்குப் பயன்படுகிறது. கூட்டம் பெரிதாக ஆக, ஏற்றமும் தாழ்வும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொண்டு சராசரி நிலைபெறுகிறது. தொலைத்தொடர்பில் சேர்த்தல் என்ற தொழிலின் பொருளாதாரம் முழுவதும் இந்த இரண்டு எண்களுக்கு இடையிலுள்ள வித்தியாசத்தில் அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இந்தக் கணிதம் இந்தியக் கிராமத்தில் இறங்கிய சரித்திரம் ஒன்று உண்டு. 1984-இல் அமைந்த சி-டாட் என்னும் அரசாங்க ஆராய்ச்சி நிலையத்தில் இளம் இஞ்சினியர்கள் உருவாக்கிய ராக்ஸ் என்ற சிறிய கிராம எக்ஸ்சேஞ்ச், 1986-இல் கர்நாடகத்துக் கித்தூரில் முதலில் நிறுவப்பட்டது. வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகள் குளிரூட்டிய அறையும் தடையில்லாத மின்சாரமும் கேட்ட காலத்தில், இது நம் கிராமத்து வெயிலையும் புழுதியையும் பொறுத்துக்கொண்டு வேலை செய்தது. அதில் 128 போர்ட்டுகள். சந்தாதாரர் கம்பிகளும், வெளியூருக்குச் செல்லும் டிரங்க் வழிகளும் அவற்றைப் பங்கிட்டுக்கொண்டன. உதாரணத்துக்காக ஒரு கணக்கு: 96 சந்தாதாரர், கூட்டம் மிகுந்த மணியில் ஒவ்வொருவரும் ஆறு நிமிஷம் பேசுகிறார், எல்லாம் வெளியூர்ப் பேச்சே என்று வைத்துக்கொண்டாலும், சேர்ந்து வருவது 9.6 எர்லாங், எர்லாங்கின் அட்டவணைப்படி அதற்கு 17 வழிகள் போதும், நூற்றுக்கு ஓர் அழைப்பே திரும்பும். தொண்ணூற்றாறு பேருக்குப் பதினேழு வழி. இதுவே விளிம்பில் சேர்த்தல். நம் நாட்டின் ஆயிரக்கணக்கான கிராமங்கள் முதன்முதலில் வெளியுலகோடு பேசியது இந்த விகிதாசாரத்தின் வழியாகத்தான். (அந்த எக்ஸ்சேஞ்சை இன்று நினைவுகூர்வார் மிகக் குறைவு. தேசப் பெருமை பேசும் மேடைகளில் ராக்கெட்டுக்குக் கிடைக்கும் இடத்தில் நூற்றில் ஒரு பங்கு கூட அதற்குக் கிடைப்பதில்லை.)

ஆனால் டெலிபோன் வழியில் ஒரு விரயம் இருந்தது. பேச்சு தொடங்கியதும் ஒரு வழி முழுவதும் அவ்விருவருக்கே ஒப்படைக்கப்படுகிறது. அவர்கள் யோசித்துக்கொண்டு சும்மா இருந்தாலும் அது வேறொருவருக்குக் கிடையாது. இதைப் பொறுக்க முடியாத நிர்ப்பந்தம் முதலில் அட்லாண்டிக் மகாசமுத்திரத்தின் அடியில் ஏற்பட்டது. 1956-இல் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் இணைத்த முதல் டெலிபோன் கேபிளில் இருந்தவை 36 வழிகளே; அவற்றின் விலையோ அபாரம். பேசுகிற இருவரில் ஒருவர் கேட்கும்போது அவருடைய பக்கம் வெறுமையாக இருக்கிறது, பேசுகிறவரும் சொல்லுக்குச் சொல் நிறுத்துகிறார் என்பதைக் கவனித்த அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச்சாலையினர், ஒருவர் வாய் மூடிய கணத்தில் அவருடைய வழியைப் பறித்து, அப்போது வாய் திறந்த வேறொருவருக்குக் கொடுத்து, முதலாமவர் மறுபடி பேசத் தொடங்கியதும் எந்த வழி காலியோ அதை அவருக்கு அளிக்கும் யந்திரத்தைச் செய்து, 1960-இல் அந்தக் கேபிளில் பொருத்தினார்கள். வழிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டித்தது. பேச்சுக்குப் பேச்சு என்றிருந்த பங்கீடு, இங்கே சொல்லுக்குச் சொல் என்று நுணுகிவிட்டது. பாக்கெட் முறைக்கு முன்னோடி எது என்று கேட்போர் பெரும்பாலும் கம்ப்யூட்டரின் பக்கம் பார்க்கிறார்கள். எனக்கு இந்தக் கடலடி யந்திரமே முன்னோடியாகத் தோன்றுகிறது.

பாக்கெட் முறையை அமெரிக்காவில் பால் பாரனும் பிரிட்டனில் டொனால்ட் டேவிஸும் 1960-களில் தனித்தனியே கண்டார்கள் என்பது பலரும் அறிந்த வரலாறு. அதை விரிக்க வேண்டியதில்லை. செய்தியைச் சிறு துண்டுகளாக்கி, துண்டு ஒவ்வொன்றின் தலையிலும் முகவரி எழுதி, யாருக்கும் வழி ஒதுக்காமல், துண்டு வந்தபோது வழியைக் கொடுத்துத் துண்டு போனதும் திரும்ப எடுத்துக்கொள்வதே அதன் சாரம். நம் விஷயத்துக்கு வேண்டிய உண்மை வேறொன்று. 1969-இல் தொடங்கிய அர்ப்பாநெட் வலையில், சொந்தக் கம்ப்யூட்டர் இல்லாதவர்களும் சேரவேண்டும் என்பதற்காக 1971-இல் ஒரு சாதனம் செய்யப்பட்டது. 63 டெர்மினல்கள் வரை அதில் நேரே வந்து செருகிக்கொள்ளலாம். அத்தனை பேருடைய தட்டச்சும் சேர்ந்து விநாடிக்கு ஐம்பதினாயிரம் பிட் செல்லும் வழிகளில் வெளியேறும். இன்றைய விளிம்பு சுவிட்சின் மூதாதை அதுவே.

இன்றைய சுவிட்ச் செய்கிற காரியத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். அதனுள்ளே வருவது ஈதர்நெட் என்னும் முறைப்படி கட்டிய துண்டு, அதாவது ஃபிரேம். சாதாரணமாக 64 பைட்டுக்குக் குறையாமலும் 1518 பைட்டுக்கு மிகாமலும் இருக்கும். அதன் தலைப்பில் சேருமிடத்தின் முகவரியும் புறப்பட்ட இடத்தின் முகவரியும் உள்ளன. ஒவ்வொன்றும் 48 பிட். எந்தப் போர்ட்டில் எந்த முகவரியிலிருந்து ஃபிரேம் வந்ததென்பதைச் சுவிட்ச் தானே கவனித்து ஓர் அட்டவணையில் எழுதிக்கொள்கிறது. பின்பு அந்த முகவரிக்கு ஏதேனும் வந்தால் அட்டவணையைப் பார்த்து அந்தப் போர்ட்டுக்கு அனுப்புகிறது. சில நிமிஷம் பேச்சே இல்லாத முகவரியை அழித்துவிடுகிறது. யாரும் கற்பிக்காமலே கற்றுக்கொள்ளும் இந்தச் சுபாவத்தால்தான் ஈதர்நெட் ஏனைய முறைகளை வென்றது என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் ஊர் முழுவதற்குமான சுவிட்சில் அந்தச் சுபாவம் அபாயமும் ஆகும்: அண்டை வீட்டாரில் ஒருவருடைய ஃபிரேமை மற்றவர் பார்க்க இடமுண்டாகும். ஆகவே ஒவ்வொரு சந்தாதாரரின் ஃபிரேமிலும் வீலான் என்னும் அடையாள எண் ஒன்று பொறிக்கப்படுகிறது. அதற்கு ஒதுக்கிய இடம் 12 பிட். பயன்படும் எண்கள் 4,094 மட்டுமே. அலுவலகத்துக்குப் போதுமான இந்த எண்ணிக்கை ஒரு நகரத்துக்கு எம்மாத்திரம்? எண்ணின்மேல் இன்னோர் எண்ணை எழுதும் முறையை 2005-இல் தர நிர்ணயக் குழு அங்கீகரித்தது. 4,094-ஐ 4,094-ஆல் பெருக்கினால் வருவது ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துக்கு மேல். உள் எண் வீட்டைக் குறிக்கும். வெளி எண் விளிம்பு சுவிட்சைக் குறிக்கும். வலையின் உட்பகுதியில் இருக்கும் சாதனங்கள் வெளி எண்ணை மட்டும் பார்த்தால் போதும். போக்குவரத்தைச் சேர்ப்பதோடு அடையாள எண்களையும் சேர்த்துக் கட்டிவிடுவதால் உள்ளே இருப்பவற்றின் ஞாபகச்சுமை குறைகிறது.

இத்தனையும் எவ்வளவு நேரத்தில் நடக்கவேண்டும்? 10 கிகாபிட் அப்லிங்க்கில் மிகச் சிறிய ஃபிரேம்களே வரிசையாக வந்தால், விநாடிக்கு ஒரு கோடியே நாற்பத்தெட்டு லட்சம் ஃபிரேம்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 67 நானோ விநாடி. அதற்குள் முகவரியைப் படித்து, அட்டவணையைத் தேடி, எண்ணைப் பொறித்து, முன்னுரிமையை நிச்சயித்து, வரிசையில் நிறுத்திவிடவேண்டும். சாதாரணக் கம்ப்யூட்டரின் பொதுப்படையான சில்லுக்கு இது பெருஞ்சுமை. ஆகவே சுவிட்சில் இதற்கென்றே வார்த்த சில்லை வைக்கிறார்கள்.

இப்போது வீடுகளை எட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடி இழை முறை, சேர்த்தலை சுவிட்சுக்கும் முன்னால், தெருவிலேயே தொடங்கிவிடுகிறது. ஜி-பான் என்ற அம்முறையில் எக்ஸ்சேஞ்சில் ஓ.எல்.டி. என்னும் சாதனம், அதன் ஒரு போர்ட்டிலிருந்து ஓர் இழை புறப்பட்டு, வழியில் ஸ்ப்ளிட்டர் என்னும் சிறிய உறுப்பால் 32 அல்லது 64 இழைகளாகப் பிரிந்து வீடுகளை அடைகிறது. ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரம் வேண்டாம். ஒளியை அது வெறுமனே பங்கிடுகிறது. எக்ஸ்சேஞ்சிலிருந்து கீழே வருவது விநாடிக்கு 2.488 கிகாபிட், அறுபத்துநான்கு வீட்டாருக்கும் எல்லாருடைய செய்தியும் வந்து சேர்கிறது, மறையீட்டுச் சாவி பொருந்தியவர் தமக்குரியதை மட்டும் எடுத்துக்கொள்கிறார். மேலே செல்லும் 1.244 கிகாபிட்தான் ரசமான பாகம். அறுபத்துநான்கு வீட்டு விளக்குகளும் ஒரே இழையில் வந்து விழவேண்டும். இரண்டு ஒரே கணத்தில் விழுந்தால் இரண்டும் பாழ். ஆகவே ஓ.எல்.டி. ஒவ்வொரு வீட்டுப் பெட்டிக்கும், இன்ன கணத்தில் தொடங்கி இன்ன கணம்வரை ஒளியை ஏற்றலாம் என்று அனுமதி வழங்குகிறது. வீடுகளோ ஒரே தூரத்தில் இல்லை. ஒளி இழைக்குள் ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஐந்து மைக்ரோ விநாடி ஆகும். அரைக் கிலோமீட்டரில் ஒரு வீடும் இருபது கிலோமீட்டரில் மற்றொரு வீடும் இருந்தால், இரண்டுக்கும் ஒரு வழிப் பயணத்தில் மட்டும் ஏறக்குறைய நூறு மைக்ரோ விநாடி வித்தியாசம். ஓ.எல்.டி. ஒவ்வொரு வீட்டின் தூரத்தையும் அளந்து, அருகிலுள்ள வீட்டைச் செயற்கையாகத் தாமதிக்கச் செய்து, எல்லா வீடுகளும் சமதூரத்தில் இருப்பதுபோன்ற நிலையை உண்டாக்கிய பிறகே பேச அனுமதிக்கிறது. பெட்டிகள் தம்மிடம் எவ்வளவு காத்திருக்கிறது என்று சொல்லச் சொல்ல, 125 மைக்ரோ விநாடிக்கு ஒரு முறை பிறக்கும் காலச் சட்டத்தில் அனுமதிகள் திருத்தி எழுதப்படுகின்றன. சும்மா இருக்கிறவரின் காலத்தை எடுத்து வேலை இருக்கிறவருக்குக் கொடுக்கும் அட்லாண்டிக் யுக்தியே, அதைவிட மிக நுண்ணிய அளவில், இன்று தெருவில் நடந்துகொண்டிருக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். 16 போர்ட் உள்ள ஓர் ஓ.எல்.டி., போர்ட்டுக்கு 64 வீடு வீதம், 1,024 வீடுகள். வீட்டுக்கு 100 மெகாபிட் விற்றால் மொத்தம் 102 கிகாபிட். பதினாறு போர்ட்டும் சேர்ந்து கீழே இறக்கக்கூடியது 39.8 கிகாபிட். மேலே செல்வது இரண்டு 10 கிகாபிட் அப்லிங்க் என்றால், 20. ஆகவே விற்றதற்கும் உள்ளதற்கும் விகிதம் ஐந்துக்கு ஒன்று. இத்தகைய பத்து ஓ.எல்.டி.க்கள் சேரும் அடுத்த சுவிட்சிலிருந்து வெளியேறும் வழி 100 கிகாபிட் என்றால், அங்கே இன்னொரு இரண்டுக்கு ஒன்று. விகிதங்கள் பெருகிப் பத்துக்கு ஒன்றாகின்றன. ஒருவர் ஒரு பக்கத்தைத் திறந்து வாசித்துக்கொண்டிருக்கும்போது அவருடைய இழையில் ஒன்றும் போவதில்லையாதலால், இந்த விகிதம் அநேக நாட்களில் யாருக்கும் உறுத்துவதில்லை. மேலே போட்ட கணக்கு என் கற்பனை உதாரணமே. ஆனால் இதைக் காட்டிலும் தாராளமானதும் உண்டு, கஞ்சத்தனமானதும் உண்டு. எந்த ஊரில் எது என்பதுதான் சந்தாதாரருக்குச் சொல்லப்படுவதில்லை.

எர்லாங்கின் கணிதத்துக்கு வந்த சோதனையை இனிச் சொல்லவேண்டும். டெலிபோன் அழைப்புக்குச் சராசரி நீளம் உண்டு. சில நிமிஷங்களில் முடியும். கூட்டம் சேரச் சேர மேடுபள்ளம் மறையும். 1989 முதல் 1992 வரை அமெரிக்காவில் நியூஜெர்சியிலுள்ள பெல்கோர் ஆராய்ச்சி நிலையத்தின் ஈதர்நெட்டில் கடந்துசென்ற பாக்கெட்டுகளை மிகத் துல்லியமாகப் பதிவுசெய்து ஆராய்ந்த லேலண்ட், டாக்கு, வில்லிங்கர், வில்சன் என்னும் நால்வர், 1993-இல் சொன்னது இதற்கு நேர்விரோதமாக இருந்தது. விநாடியின் நூற்றில் ஒரு பங்கு வீதம் எடுத்துப் பார்த்தாலும், பத்து விநாடி வீதம் எடுத்துப் பார்த்தாலும், நூறு விநாடி வீதம் எடுத்துப் பார்த்தாலும் போக்குவரத்தின் வடிவம் ஒரே மாதிரியான முரட்டு ஏற்ற இறக்கமாகவே இருந்தது. கால அளவை நீட்டினால் மேடுபள்ளம் சமனாகிவிடும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. காரணத்தையும் பிற்காலத்து ஆராய்ச்சிகள் விளக்கின: மக்கள் இறக்குகிற கோப்புகளிற் பெரும்பாலானவை சிறியவை, ஆனால் எப்போதோ வருகிற சில மிகப் பெரியவை, அந்தச் சிலவே கூட்டத்தின் தன்மையைத் தீர்மானித்துவிடுகின்றன. பின்பு 2002-ஐ ஒட்டி, பெல் ஆராய்ச்சிச்சாலையைச் சேர்ந்த சிலர், பல்லாயிரம் தொடர்புகள் ஒன்றாகக் கலக்கும் பெரிய வழிகளில் குறுகிய கால அளவில் பழைய புவாசோன் ஒழுங்கு மீண்டும் தலைகாட்டுகிறது என்று நிறுவினார்கள். இரு கூற்றுகளும் ஒன்றை ஒன்று மறுப்பனவாகச் சிலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வலையின் நடுவில் எர்லாங் ஓரளவு பிழைத்திருக்கிறார், விளிம்பில் அவர் பிழைக்கவில்லை என்றே இரண்டையும் சேர்த்துப் படிக்கவேண்டும். அறுபத்துநான்கு வீடு ஒரு பெருங்கூட்டம் அன்று. அங்கே இரண்டு பேர் பெரிய கோப்புகளை இறக்கத் தொடங்கினால் சராசரி என்ற சொல்லுக்கே அர்த்தம் போய்விடுகிறது.

பஃபரின் கதையும் இதற்கு அனுசரணையானது. ஒரே கணத்தில் இரண்டு ஃபிரேம் அப்லிங்க்கைக் கேட்டால் ஒன்று காத்திருக்க வேண்டும்; காத்திருக்கும் நினைவகமே பஃபர். வழியின் வேகத்தையும் செய்தி போய்த் திரும்பும் காலத்தையும் பெருக்கிய அளவுக்குப் பஃபர் வேண்டும் என்பது நெடுங்கால வழக்கம். அந்த அளவை, ஒரே வழியைப் பங்கிட்டுக்கொள்ளும் தொடர்புகளின் எண்ணிக்கையினுடைய வர்க்கமூலத்தால் வகுத்துக்கொண்டால் போதும் என்று ஸ்டான்ஃபோர்டில் அப்பென்செல்லர், கெஸ்லாசி, மக்கியோன் ஆகியோர் 2004-இல் காட்டினார்கள். பதினாயிரம் தொடர்புகள் கலக்கும் நடு வழிக்கு நூற்றில் ஒரு பங்கு பஃபர் போதும். நான்கே தொடர்புகள் உள்ள விளிம்புக்கு அந்தச் சலுகை பாதியோடு நின்றுவிடுகிறது. சரி, நினைவகம் மலிந்துவிட்டதே, தாராளமாக வைத்துவிடலாம் என்று உற்பத்தியாளர்கள் வைத்தார்கள். விளைவு வேறு விபரீதம். அனுப்புகிற கம்ப்யூட்டர், ஃபிரேம் ஏதேனும் தொலைந்தால்தான் நெரிசல் என்று அறிந்து வேகத்தைத் தணிக்கும். பஃபர் பெரிதாயிருந்தால் எதுவும் தொலைவதில்லை, வரிசை மட்டும் நீள்கிறது. ஒருவர் கோப்பு அனுப்பிக்கொண்டிருக்க, அதே வீட்டில் மற்றொருவர் பேசும் வீடியோ அழைப்பில் உதடு ஒரு பக்கமும் ஒலி ஒரு பக்கமும் போகும். 2010-ஐ ஒட்டி ஜிம் கெட்டிஸ் என்ற கம்ப்யூட்டர் நிபுணர் இதைத் தம் வீட்டு இணைப்பிலேயே கண்டறிந்து வெளிப்படுத்திய பின்னர்தான், எவ்வளவு நிறைந்தது என்பதைப் பாராமல் எவ்வளவு நேரம் காக்கவைத்தது என்பதைப் பார்த்துக் கைவிடும் முறைகள் வழக்கத்துக்கு வரத் தொடங்கின.

இவையெல்லாம் யந்திரத்தால் திருத்தக்க குறைகள். திருத்த முடியாத ஒன்று உண்டு. ஒருவரை ஒருவர் கேளாமல் தம்மிச்சையாகப் பேசுகிறார்கள் என்பது எர்லாங்கின் முதல் நிபந்தனை அல்லவா? 2023 நவம்பர் 19-ஆம் தேதி உலகக் கோப்பைக் கிரிக்கெட் இறுதி ஆட்டத்தை ஒரே செயலியில் ஒரே சமயத்தில் பார்த்தவர்கள் 5.9 கோடிப் பேர் என்று அறிவிக்கப்பட்டது. அவர்கள் ஒருவரும் தம்மிச்சையாகப் பார்க்கவில்லை. பந்து வீசப்படும்போது பார்த்தார்கள். ஆட்டத்தின் பிரதிகளை ஊருக்கு அருகிலுள்ள சேமிப்புக் கிடங்குகளில் வைத்து நீண்ட வழிகளின் சுமையைக் குறைக்கிறார்கள். ஆனால் அக்கிடங்குகள் பெரும்பாலும் விளிம்பு சுவிட்சுக்கு உட்புறத்தில் இருப்பதால், ஒரே இழையைப் பங்கிடும் நாற்பது வீட்டார் ஆட்டம் பார்த்தால் அதே பந்து அந்த இழையில் நாற்பது முறை தனித்தனியே இறங்குகிறது. ஒரு பிரதியை அனுப்பி எல்லோரும் எடுத்துக்கொள்ளும் மல்டிகாஸ்ட் முறை ஜி-பானுக்கு இயல்பாகவே பொருந்தும். திறந்த இணையத்தில் அதற்கு இடம் ஏற்படவில்லை. 2020 மார்ச் மாதம் ஊரடங்கு வந்தபோதும் இதே நிபந்தனை முறிந்தது. வலைகள் பொதுவாகத் தாக்குப்பிடித்தன; மாலை நேரத்து உச்சத்துக்கென்று கட்டிய கொள்ளளவு பகலில் கைகொடுத்தது. ஆனாலும் ஐரோப்பாவில் நெட்ஃபிளிக்ஸ் தன் போக்குவரத்தை நாலில் ஒரு பங்கு குறைத்துக்கொள்ள முன்வரவும், இந்தியாவில் வீடியோ நிறுவனங்கள் செல்பேசி வலைகளில் படத்தின் தெளிவைச் சில வாரங்களுக்குத் தாழ்த்திக்கொள்ளவும் நேர்ந்தது. விற்றதை எல்லோரும் ஒரே சமயத்தில் கேட்டால் கொடுக்க முடியாதென்ற உண்மை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளப்பட்ட அபூர்வமான சந்தர்ப்பம் அது.

பழைய எக்ஸ்சேஞ்சுக்கும் இன்றைய சுவிட்சுக்கும் உள்ள பெரிய வேற்றுமை வேகத்தில் இல்லை, மறுக்கும் விதத்தில் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். வழி இல்லையென்றால் எக்ஸ்சேஞ்ச் என்கேஜ்ட் டோன் கொடுத்து அனுப்பிவிடும். உள்ளே சென்றவருக்கு முழு வழி, வெளியே நின்றவருக்கு ஒன்றுமில்லை. மறுக்கப்பட்டவருக்குத் தாம் மறுக்கப்பட்டது தெரியும், அத்தகைய மறுப்புகளை எண்ணி அரசாங்கம் அறிக்கையும் கேட்கலாம். பாக்கெட் சுவிட்ச் யாரையும் மறுப்பதில்லை. எல்லோரையும் ஏற்றுக்கொண்டு எல்லோரையும் தாமதப்படுத்துகிறது. அப்போதும் சமமாக அன்று. ஃபிரேமின் வீலான் குறியில் முன்னுரிமைக்கென்று மூன்று பிட் உண்டு, எட்டு வகுப்புகள், குரலுக்கு ஒரு வகுப்பு, கூடுதல் பணம் கட்டிய வியாபார நிறுவனத்துக்கு ஒரு வகுப்பு, மீதிப்பேருக்கு மீதி. அந்தப் பங்கீட்டை எழுதுகிறவர் நிறுவனத்தின் வலையமைப்பு இஞ்சினியர். அதைப் படிக்க வெளியார் யாருக்கும் வழியில்லை. தமது இணைப்பு மாலையில் தளர்வதற்குக் காரணம் தம் வீட்டு ரவுட்டரா, தெரு ஸ்ப்ளிட்டரா, அப்லிங்க்கா, அதற்கும் அப்பாலா என்று சந்தாதாரர் அறிய முடிவதில்லை. புகார் மையத்தில் பேசுகிறவருக்கும் பெரும்பாலும் தெரியாது.

பங்கிட்டுக் கொடுப்பதில் குற்றம் இல்லை; பங்கிடாவிட்டால் இணைப்பின் விலை சாமானியருக்கு எட்டவே எட்டாது. விகிதத்தை மறைப்பதுதான் குற்றம். நம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் இந்த விகிதத்தைச் சந்தாதாரருக்குத் தெரிவிக்க வேண்டுமென்று 2009-ஆம் ஆண்டிலேயே இணைய நிறுவனங்களுக்கு வழிகாட்டியிருக்கிறது; விளம்பரங்களிலோ வேகம் ஒன்றே பெரிய எழுத்தில் வருகிறது. ஆகவே புதிதாக இணைப்பு எடுக்கும் வாசகர், எவ்வளவு வேகம் என்று கேட்பதோடு நிறுத்தாமல், என் வீட்டு இழையை எத்தனை வீடுகள் பங்கிடுகின்றன, என் ஓ.எல்.டி.யின் அப்லிங்க் எவ்வளவு, இரவு ஒன்பது மணிக்கு அது எவ்வளவு நிறைகிறது என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும். ஆணையமும் அம்மூன்று எண்களையும் மாதக் கட்டண ரசீதிலேயே அச்சிடும்படி நிறுவனங்களுக்குக் கட்டளையிடவேண்டும்.